ஆளெடுக்கும் சந்தை

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையை மனைவிதான் முதலில் படித்தாள். "உங்களுக்கேத்த வேலையாத்தான் பாத்துக் குடுத்திருக்காங்க" என்று சிரித்தாள். வியாழக்கிழமை காலை ஐந்தாம் வகுப்புக்கு விக்டோரியா காலத்து ஆங்கிலேய கிராம தினம். பெற்றோரில் சிலர் பண்ணையார்களாக வந்து, பிள்ளைகளை வேலைக்கு ஆள் எடுக்க வேண்டும். எனக்கு ஒரு பண்ணையார் வேடம்.

அவள் சிரித்ததற்குக் காரணம் உண்டு. பதினெட்டு வருடமாகக் குவைத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வருடத்துக்கு இரண்டு தடவை திருச்சிக்குப் போவேன். கொத்தனார் கரண்டியோடு நிற்பார், தச்சர் சுத்தியலோடு, கம்பி கட்டுகிறவர் கொக்கியோடு. வரிசையைப் பார்த்தபடி நடப்பேன். "கையைக் காட்டு" என்பேன். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வேண்டும் அல்லது வேண்டாம். ஆரம்பத்தில், வேண்டாம் என்று சொன்னவர்களின் முகங்கள் நான் குவைத்துக்குத் திரும்பி வந்த பிறகும் கொஞ்ச நாள் கூடவே இருந்தன. அப்புறம் வருவது நின்றுவிட்டது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்றெல்லாம் நான் யோசித்ததில்லை.

மூன்று வாரமாக ஃபஹாஹீலில் எங்கள் வீட்டுக்குள் அந்தக் கிராமம்தான் நடந்தது. மகள் செருப்புப் பெட்டியில் குடிசை செய்தாள். கூரை வேய, நான் ஊரிலிருந்து கொண்டுவந்த விளக்குமாற்றைப் பிய்த்துப் போட்டாள். சாப்பிட உட்கார்ந்தால் கதை. "அங்க ரெண்டே ரூம்தான்ப்பா, ஒன்பது பிள்ளைங்க." "ஸ்கூலுக்குப் போகாம வயல்ல கல்லு பொறுக்குவாங்களாம். குருவி விரட்டுவாங்களாம்." ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஆண்கள் வீடு வீடாகப் போய், அங்கே வளர்க்கிற பன்றியைத்தான் முதலில் விசாரிப்பார்களாம், அந்த வீட்டு மனிதர்களை அப்புறம்தானாம். எனக்கே அது பிடித்திருந்தது.

"வீடு பண்ணையாரோடது. வேலை போச்சுன்னா வீட்டையும் காலி பண்ணணும்" என்றாள் ஒருநாள்.

"அதைத் தெரிஞ்சுக்க இங்கிலாந்து வரைக்கும் போகணுமாக்கும்" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

ஆளெடுக்கும் சந்தையைப் பற்றியும் மகள்தான் சொன்னாள். அறுவடை முடிந்ததும் வருடத்துக்கு ஒரு தடவை பக்கத்து ஊர்ச் சந்தையில் வேலையாட்கள் வரிசையாக நிற்பார்கள். இடையன் தொப்பியில் கொஞ்சம் கம்பளி செருகிக்கொள்வான். வண்டிக்காரன் சாட்டைக் கயிற்றைக் குத்திக்கொள்வான். வீட்டு வேலைக்காரி தரை துடைக்கிற மாப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பண்ணையார்கள் நடந்து வந்து பார்ப்பார்கள். எடுத்தால் ஒரு வருடக் கான்ட்ராக்ட். நடுவில் ஓடிப்போனால் ஜெயில்.

"இதுக்கு ஒரு மிஸ் வச்சு பாடம் நடத்துறாங்களா? அட, என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே" என்றேன். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வேறு கவலை. சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு விழுந்தது கிழட்டு இடையன் வேடம்.

"ஓல்ட் மேனை யாருமே எடுக்க மாட்டாங்கப்பா. செலக்ட் ஆனவங்க எல்லாம் டான்ஸ் ஆடலாம், கேக் சாப்பிடலாம். மிச்சம் இருக்கறவங்க வொர்க்ஹவுஸ்ல, அதான் வேலையில்லாத ஏழைங்களை அடைச்சு வைக்கிற இடத்துல, உக்காந்து பழைய கயிறு பிரிக்கணும். நீங்க என்னை எடுத்துடணும், சரியா? ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ். அப்பா இருக்கும்போது உன்னை யாரு விடுவா?"

அதன் பிறகு அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. தினமும் சாயங்காலம் ஹாலில் கூன் போட்டு நடந்து பழகினாள். தலையணையைப் பிரித்துப் பஞ்செடுத்துத் தொப்பியில் செருகினாள். தாடி வேண்டுமா, பவுடர் போதுமா என்று அம்மாவும் மகளும் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஆபீசில் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற வேலை. அரியலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் வந்தார். கான்கிரீட் உடைக்கிற பிரேக்கர் மெஷின் ஓட்டுகிறவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் திருச்சி வரிசையில் நானே எடுத்த ஆள். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அந்த மெஷினைப் பிடித்தே சிலருக்கு விரல் மரத்துப்போகும். அவர் டீ கிளாஸை நழுவவிட்டதாக ஃபோர்மேன் சொல்லியிருந்தார்.

"கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டுங்கண்ணே" என்றேன்.

நீட்டினார். கார் சாவியை விரல்மேல் வைத்தேன். "சாவிங்க சார்" என்றார் உடனே. சத்தத்தை வைத்துச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாதா? எடுத்துவிட்டு, மேஜையில் கிடந்த பேப்பர் கிளிப்பைச் சத்தமில்லாமல் வைத்தேன். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"இன்னும் வைக்கலீங்களா சார்?" என்றார்.

கண்ணைத் திறந்தவர் கிளிப்பைப் பார்த்தார். "ஒரே ஒரு வருசம் சார். பொண்ணு நர்சிங் படிச்சிட்டிருக்கு, கடைசி வருசம். மெஷின் வேணாம், கூட்டுற வேலையாச்சும் குடுங்க."

"கூட்டுறதுக்கு ஆள் இருக்குண்ணே" என்றேன். 'தகுதியில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். சனிக்கிழமைக்கு ஊருக்கு டிக்கெட் போடச் சொன்னேன். அப்புறம் கேன்டீனுக்குப் போய் இரண்டு சமோசா சாப்பிட்டேன். எனக்கு மனசு உறுத்தவில்லை. உறுத்தியதாகச் சொன்னால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும், ஆனால் அது பொய்.

வியாழக்கிழமை பள்ளி அரங்கத்தில் வைக்கோல் கட்டுகள் போட்டிருந்தார்கள். எனக்கு ஒரு கறுப்புத் தொப்பியும் கைத்தடியும் கொடுத்தார்கள். ஆங்கிலேய மிஸ் மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு பண்ணையாரும் மூன்று பேரை எடுக்க வேண்டும். மற்ற அப்பாக்கள் ஒரே சிரிப்பும் போட்டோவுமாக இருந்தார்கள். தன் பிள்ளை, பக்கத்து ஃபிளாட் பிள்ளை என்று இழுத்துக்கொண்டார்கள். ஒரு அப்பா நாலாவதையும் சேர்த்துக்கொண்டு மிஸ்ஸிடம் கெஞ்சினார். நான்தான் கடைசி.

பால் வாளியோடு நின்ற பெண் அசையாமல் நேராக நின்றாள். அவளை எடுத்தேன். அடுத்து சாட்டைக் கயிறு குத்தியிருந்த ஒரு பையன். மூன்றாவது ஆளுக்காக வரிசையின் கடைசிவரை நடந்தேன். முதலில் ஒரு கிழவன். கூன் விழுந்திருந்தது, தலை வெளுத்திருந்தது, தடியைப் பிடித்த கை நடுங்கியது. அவனுக்குப் பக்கத்தில் தோள் அகலமான ஒரு பையன்.

"கையைக் காட்டு" என்றேன் பையனிடம். காட்டினான். உள்ளங்கையை அழுத்திப் பார்த்தேன். "நீ வா."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"என்னங்க!" என்று பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது. திரும்பினேன். மிஸ் என் மகளின் தோளில் கைபோட்டு, திரைக்குப் பின்னால் இருந்த வொர்க்ஹவுஸ் பெஞ்சுக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். அவள் கூனை நிமிர்த்தவில்லை. அப்படியே நடந்து போனாள். இங்கே பிடில் வாசிப்பைப் போட்டார்கள், பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள். யாரோ என் கையில் ஒரு துண்டுக் கேக்கைக் கொடுத்தார்கள். தின்றேன்.

காரில் ஏறியதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "பெத்த புள்ளைய நிக்க வச்சுட்டு ஊரான் புள்ளையக் கூப்பிடுறீங்களே, நீங்கள்லாம் மனுசனா? மூணு வாரமா அது எப்படிக் காத்துக்கிட்டு இருந்துச்சு! அடக் கடவுளே, நின்னு கேக்கு வேற தின்னுட்டு இருக்காரு! வாயைத் திறக்கிறாரா பாரு, கல்லுளிமங்கன்!"

கடற்கரைச் சாலை சிக்னலில் வண்டி நின்றது.

"விடும்மா" என்றாள் மகள் பின் சீட்டிலிருந்து. முகத்தில் பவுடர் அப்படியே இருந்தது. "மத்த பேரன்ட்ஸ் எல்லாம் சும்மா ஆக்டிங்தான் பண்ணாங்களாம். அப்பா மட்டும்தான் ரியல் ஃபார்மர் மாதிரியே எடுத்தாராம். மிஸ் சொன்னாங்க."

மனைவி அப்படியே அடங்கிப்போனாள்.

"அப்பா, என்ன பாத்து என்னை வேணாம்னு முடிவு பண்ணீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால் உண்மையைச் சொன்னேன்.

"கை நடுங்குச்சு."

"ஓ, அதைப் பாத்தீங்களா? நான் ப்ராக்டிஸ் பண்ணேன்." கொஞ்சம் சந்தோஷப்பட்டாள். பிறகு யோசித்தாள். "அவ்ளோ கிட்ட பாத்தீங்கன்னா, நான்தான்னு தெரிஞ்சிருக்கும்ல?"

சிக்னல் பச்சைக்கு மாறியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"தெரியலைம்மா" என்றேன். நான் பொய் சொல்லவில்லை.