துவர்க்கும் பட்டை, புளிக்கும் பழம்

இங்கே ஒரு மரம் காயைப் பச்சையாகவே உதிர்க்கிறது. தரையில் கிடந்த பிறகுதான் அது மஞ்சளாகப் பழுக்கிறது. சூலு மக்கள் அந்த மரத்தை உம்கானு என்பார்கள். நம் ஊரில் தைப்பனி விழும்போது, தென்னாப்பிரிக்காவில் இந்த நேட்டாலில் வெயில் கொளுத்தும். பழம் விழும் காலம் அதுதான். வந்து இத்தனை வருஷமாகியும், காலையில் அந்த மஞ்சள் தரையைப் பார்த்தால் எனக்குக் கால் நின்றுவிடுகிறது.

மூன்றாம் வகுப்போடு ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்குக்குப் போனவன் நான். பாலாற்றங்கரையில் ஆவாரம்பட்டை ஊறும் தொட்டிகளே எனக்குத் தெரிந்த உலகம். பட்டைச்சாறு தேறிவிட்டதா என்று நாக்கில் வைத்துத்தான் சொல்வோம். நாக்கு சுருங்கினால் தோலும் இறுகும். கப்பலேறியபோது அந்த நாக்கும் என்னோடு வந்தது. கிடைத்ததோ கரும்புத் தோட்ட வேலை.

என் மனைவி பாக்கியத்தின் தம்பி சின்னானும் கூட வந்தான். "அவனத் திரும்பக் கூட்டிக்கினு வந்தாத்தான் நீ வூட்டுக்குள்ள கால வைக்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினாள் பாக்கியம்.

தோட்டத்தில் மூன்று வேளையும் மக்காச்சோளக் கூழ். காய்கறி கண்ணில் படாது. வயிற்றுப்போக்கில் ஏற்கெனவே மெலிந்திருந்த சின்னானுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நின்ற உம்கானுவின் பட்டையைக் கடித்துப் பார்த்தேன். நல்ல துவர்ப்பு. தோலை இறுக்குவது ஈறையும் இறுக்கும் என்று நினைத்தேன். மரத்தை ஒரு பக்கம் உரித்து, பட்டையைக் காய்ச்சி, கொப்பளிக்கக் கொடுத்தேன்.

"இன்னா மாமா, என்னயும் தொட்டில போட்டுட்டியா? இன்னும் நாலு நாள்ல செருப்பே தெச்சிடலாம் போலக்குது."

"பேசாம கொப்புளிடா. தொவர்ப்பு ஏறட்டும்."

களை வெட்டும் சூலுப் பெண் ஒருத்தி இதைத் தினமும் பார்த்துக்கொண்டு போவாள். ஒருநாள் கூடை நிறைய அந்தப் பழத்தோடு வந்தாள். தன் பல்லைத் தொட்டாள், சின்னானைக் காட்டினாள், ஒரு பழத்தைப் பிழிந்தாள். அவர்கள் அதைப் புளிக்கவைத்துக் குடிப்பது எனக்குத் தெரியும். நோயாளிக்குப் போதையைக் கொடுக்கச் சொல்கிறாள் என்று எண்ணித் தலையை ஆட்டி மறுத்தேன். மறுநாளும் வந்தாள். அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கூடையை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பழத்தை ஆடுகளுக்குக் கொட்டினேன்.

பழைய வெட்டுக்காயமெல்லாம் அவனுக்குத் திரும்பத் திறந்துகொண்டது. பற்கள் உதிர்ந்தன. கேலிப்பேச்சு நின்ற நாளில்தான் எனக்குப் பயம் வந்தது. நாலாம் நாள் போய்விட்டான்.

வெகுநாள் கழித்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவரும் தமிழர். "பட்டைல இறுக்குற சத்துதான்யா இருக்குது. கொட்டப் பருப்புல எண்ணெய். ஈறுல ரத்தம் நிக்கறதுக்கு எலுமிச்சம்பழம் தருவோம். அந்தச் சத்து இந்தப் பழத்துலதான் ஜாஸ்தி" என்றார். வேர்முதல் நுனிவரை ஒரே மரம். நான் நக்கிப் பார்த்தது பட்டையை மட்டும்.

சின்னான் காய்ச்சலில் போனான் என்றுதான் பாக்கியத்துக்கு எழுதினேன். இதை ஆம்பூரில் யாராவது அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

நான் உரித்த பக்கத்தில் கிளைகள் பட்டுப்போயின. மறுபக்கம் இன்னும் உதிர்க்கிறது. பட்ட பக்கத்தில் உட்கார்ந்துதான் அந்தப் பழத்தைத் தின்கிறேன். நாக்கு இன்னமும் துவர்ப்பையே தேடுகிறது.