கடுகண்ணாவை இறக்கத்தில் ஓட்டியது யார்?

அண்ணனைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை என்று அண்ணி சொல்லிவிட்டார். "நீங்கதானே தம்பி ஓ.எல் பரீட்சை வரைக்கும் படிச்சவரு, எழுதிக் குடுங்க" என்றார். ஒரு வருட நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அண்ணன்மீது ஆயுள் முழுவதும் பொறாமைப்பட்டவன். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை. ஆகவே இதில் புகழ்ச்சி கொஞ்சம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கடுகண்ணாவை இறக்கத்தில் அண்ணன் லொறியை மண்மேட்டில் கொண்டுபோய் ஏற்றிய கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதற்காகத்தான் பேனையை எடுத்தேன்.

அண்ணன் மடுல்கெல்லையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தார். அவருக்கு இரண்டு வருடம் கழித்து நான். அப்பா சீக்கிரமே போய்விட்டார். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அண்ணன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போனார். நான் பள்ளிக்கூடம் போனேன். "தம்பிக்காகப் படிப்ப விட்ட புள்ள" என்று அம்மா லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பரீட்சை எழுதியது நான், பேர் வாங்கியது அவர்! அந்த வயதிலேயே எனக்கு அது பொறுக்கவில்லை.

பிறகு இருவரும் பிலிமத்தலாவையில் ஒரு மரக்கறி முதலாளியிடம் மூட்டை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் இரண்டாவது லொறி வாங்கியபோது எங்களைக் கூப்பிட்டார். "தூர ஓட்டத்துக்கு ஒரு ஆள் வேணும். றவூப் பழக்குவான். ரெண்டு பேருல யாரு நல்லா வாறீங்களோ, சாவி அவங்களுக்கு" என்றார். கொழும்பு, திருகோணமலை, சண்டையில் மூடிய பாதை திறந்தால் யாழ்ப்பாணம் வரைக்கும் போகிற லொறி அது. அந்தச் சாவியைத் தவிர வேறெதுவும் எனக்குக் கண்ணில் படவில்லை.

முதல் லொறியை ஓட்டிய றவூப் எங்கள் இருவரையும்விட வயதில் சின்னவர், அக்குறணைக்காரர். அண்ணன் கூச்சமே இல்லாமல் அவரிடம் கேட்டுக் கேட்டுப் பழகினார். மூட்டைகளுக்கு மேல் படங்கை விரித்துக் கட்டும்போது எந்த முடிச்சு போடுவது, இஞ்சின் முனகும்போது எந்தக் கியர், சுமையோடு வளைவில் எவ்வளவு அகலம் எடுப்பது என்று ஓயாத கேள்வி. எனக்கோ சின்னவனிடம் கேட்பதா என்று ரோசம். லைசன் ட்ரயலுக்குப் போனோம். எட்டாம் வகுப்பு அண்ணன் முதல் தடவையே பாஸ். ஓ.எல் படித்த நான் ரிவர்ஸ் எடுத்ததில் ஒரு கம்பத்தைச் சாய்த்துவிட்டு எல் போர்ட்டோடு திரும்பி வந்தேன்.

அதைவிட என்னைக் குத்தியது வேறொன்று. அண்ணன் ஓட்டினால் பக்கத்து சீட்டில் றவூப் தூங்கிவிடுவார். நான் ஓட்டினால் கண்ணை இமைக்கவும் மாட்டார். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"என்ன செய்ய மச்சான்? அவர் ஓட்டினா தூக்கம் வருது. ஒங்களோட வந்தா வாய்ல கடைசிக் கலிமாதான் வருது" என்று சிரித்தார். அண்ணனும் சிரித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை. முட்டைக்கோவா மூட்டை நிறைய ஏற்றிக்கொண்டு மூவரும் கொழும்புக்குக் கிளம்பினோம். அடுத்த நாள் முதலாளி முடிவு சொல்லப்போகிறார். கடுகண்ணாவையில் லொறியை நிறுத்திவிட்டு, "ஜும்ஆ முடிச்சிட்டு வாறேன், இங்கேயே நில்லுங்க" என்று றவூப் பள்ளிவாசலுக்குப் போனார். நான் ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்தேன்.

"என்னடா பண்ற?"

"கீழ மாவனல்லைக்கு எறக்கி வச்சிட்டு நிப்போம். அவன் பஸ்ல வரட்டும். நானும் எறக்குவேன்னு தெரியட்டும்."

"வேணாம்டா. சுமை கெடக்கு. றவூப் வரட்டும்."

"பயமா இருந்தா நீ எறங்கிக்க அண்ணே."

அண்ணன் இறங்கவில்லை. அவர் இறங்கியிருந்தால் இந்த மலரை என் பேரில் அச்சடித்திருப்பார்கள்.

எங்கள் தோட்டத்து லொறிக்காரர்கள் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். டீசல் மிச்சம். இஞ்சின் சத்தம் அடங்கி, டயர் சத்தம் மட்டும் கேட்கும். லயத்துப் பிள்ளைகளான நாங்கள் அதைத்தான் பெரிய வித்தை என்று நினைத்து வளர்ந்தோம். டீசலுக்குப் புலம்பும் முதலாளி கேள்விப்பட்டால் சாவியை எனக்குத்தான் தருவார் என்று கணக்குப் போட்டேன். முதல் வளைவு தாண்டியதும் கியரைத் தட்டிவிட்டேன்.

இரண்டு வளைவு நன்றாகத்தான் போனது. மூன்றாவதில் கோவா மூட்டைகள் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கின. பிரேக்கை மிதித்தேன், கருகல் வாடை வந்தது, கால் ஆழமாகப் போனதே தவிர லொறி நிற்கவில்லை. கியரைப் போட்டால் கறகறவென்று கத்தியதே ஒழிய விழவில்லை. அண்ணன் ஒரு கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மறுகையால் ஸ்டியரிங்கைப் பறித்து மலைப்பக்க மண்மேட்டில் கொண்டுபோய்ச் சொருகினார். கண்ணாடி நொறுங்கியது. கோவா எல்லாம் ரோட்டில் உருண்டது. பஸ்ஸில் போனவர்கள்கூட இறங்கிப் பொறுக்கினார்கள். அண்ணனின் இடது புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பு அப்போது வந்ததுதான்.

அண்ணன் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பக்கத்து சீட்டுக்கு இழுத்துப் போட்டார். "கேட்டா நாந்தான் ஓட்டினேன். ஒனக்கு லைசன் இல்ல, கேஸ் ஆயிடும். வாயத் தொறக்காத" என்றார். நான் திறக்கவில்லை. பொலிஸிடமும் திறக்கவில்லை, முதலாளியிடமும் திறக்கவில்லை, அம்மாவிடமும் திறக்கவில்லை.

முதலாளி அண்ணனைத் திட்டித் தீர்த்து மறுபடி மூட்டை தூக்க அனுப்பினார். அடுத்த மாதம் எனக்கு ட்ரயல் சரிவந்தது. சாவி என் கைக்கு வந்தது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு, மடுல்கெல்லையிலிருந்து அம்மாவையும் வரவழைத்தார்கள். அம்மா திருநீற்றை எடுத்துக்கொண்டு நேரே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த அண்ணனிடம் போய் முதலில் அவர் நெற்றியில் பூசினார். "மனச விட்டுடாதய்யா" என்றார். பிறகுதான் எனக்கு. சாவி வைத்திருந்தவன் நான், அன்றும் எனக்குத்தான் பொறாமை!

நான் ஓட்டியது மூன்றே ஓட்டம். ஒவ்வொரு முறையும் கடுகண்ணாவை இறக்கத்தில் வலது கால் தானாக ஆடும். நான்காவது ஓட்டத்துக்கு முன் சாவியை மேசையில் வைத்துவிட்டு, "முதுகு வலி முதலாளி, கடையிலேயே நிக்கிறேன்" என்றேன். வேறு வழியில்லாமல் அண்ணனைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

அதன்பிறகு அண்ணனின் லொறி நிற்கவே இல்லை. சண்டைக் காலத்தில் செக்பொயின்ட் செக்பொயின்டாக இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, மூட்டை மூட்டையாக இறக்கிக் காட்டி, திரும்ப ஏற்றிக்கொண்டு போய் வந்தார். ஓட்டத்தில் ஒரு துளி குடித்ததில்லை. டயர் வெடித்து நிற்கும் லொறியைக் கண்டால் எவனுடையது என்று பார்க்காமல் ஜாக்கியை எடுத்துக்கொண்டு இறங்குவார். திருகோணமலைக் கருவாடும் யாழ்ப்பாணத்துப் பனங்கட்டியும் கொண்டுவருவார். என் பிள்ளைகளே என்னைத் தாண்டி "பெரியப்பா!" என்று ஓடுவார்கள். நான் கடை வாசலில் தராசோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். என் மகனும் அவரிடம்தான் லொறி பழகினான். என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

கல்யாண வீடுகளில் நீங்கள் எல்லோரும் அண்ணனை "வாங்க மண்மேட்டு ட்ரைவர்!" என்று கேலி செய்வீர்கள். அவர் புருவத்தைத் தடவிக்கொண்டு சிரிப்பார். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

கடைசி மூன்று மாதம் சிறுநீரக நோய் அவரைப் படுக்கையில் போட்டது. அவர் விருப்பப்படி மடுல்கெல்லையில் அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். உடலைக் கொண்டுபோனது அவருடைய லொறி, ஓட்டியது என் மகன். பின்னால் பதினேழு லொறி லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தன. அழுதுகொண்டே எண்ணினேன். நான் செத்தால் ஒன்றுகூட வராதே என்றும் நினைத்தேன். இப்படிப்பட்டவன்தான் நான்.

திரும்பும்போது மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். லொறி வெறுமையாகத்தான் இருந்தது. ஆனாலும் மடுல்கெல்லை இறக்கம் தொடங்கும் முன்பே அவன் இரண்டாம் கியருக்கு மாறினான்.

"வெறும் லொறிக்கு எதுக்குடா?" என்றேன்.

"ஏறுன கியர்லயே எறங்கணும்னு பெரியப்பா சொல்வாருப்பா. நியூட்ரல்ல விட்டா அடிதான்."

"அவருக்கு யாரு சொன்னாங்களாம்?"

அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். "நீங்கதானாமே? 'இத எனக்குக் கத்துக் குடுத்தது ஒங்கப்பன்டா'ன்னு எத்தன தடவ சொல்லியிருக்காரு."

நான் கற்றுக்கொடுத்தது கடுகண்ணாவையில், அந்த ஒரே நாளில்.

அண்ணனைக் கவனித்த ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், தோள் கொடுத்த மடுல்கெல்லைத் தோட்ட மக்களுக்கும், வயதான காலத்தில் அக்குறணையிலிருந்து ஓடிவந்த றவூப் அவர்களுக்கும், வரிசையாக வந்த பதினேழு சாரதிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணன் உயிரோடு இருந்தபோது நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அவரை இனி யாரும் மண்மேட்டு ட்ரைவர் என்று சொல்ல வேண்டாம். அன்று லொறியை ஓட்டியவன் நான்.