பால்மா டின்னுக்கு நீண்ட கை

என் இரண்டாம் கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம், சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மேல்தட்டில் இருந்த பால்மா டின்னை எடுக்க என் கணவர் ரியாஸ் என் தலைக்கு மேலாகக் கையை நீட்டினார். அடுத்து நினைவிருப்பது தரையின் குளிர்ச்சி. மூச்சு வரவில்லை. விரல்கள் மடங்கி இறுகிவிட்டன.

மாத்தளை ஆஸ்பத்திரியில் இதயத்தைச் சோதித்தார்கள். அதில் குறையில்லை. டொக்டர் ரியாஸை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்: "யாராவது உங்களை அடித்திருக்கிறார்களா?"

"இவர் இல்லை," என்றேன். முதல் கணவரோடு வாழ்ந்த எட்டு வருடங்களைப் பற்றி அன்றுதான் முதன்முதலாக வாய் திறந்தேன்.

அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு (முடிந்துபோன ஆபத்து இன்னும் நடப்பதாக உடல் நம்புவது) என்றார். மாத்திரையும், கிழமைக்கு ஒரு முறை உளவள ஆலோசனையும்.

ரியாஸ் தையல்காரர், அதிகம் பேசாதவர். அறைக்குள் வருமுன் "நான் வாறேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டார். இருந்தும் அவர் தொட்டால் தோல் மரத்துப்போனது. ஐந்தாம் மாதம் நானே சொன்னேன்: "என்ன விட்டுடுங்க. ஒங்களுக்கு வேற நல்ல பொம்பள கெடைப்பா."

"ஒங்களுக்குப் போகணும்னா போங்க, நான் தடுக்க மாட்டேன். எனக்காகப் போக வேணாம்," என்றார்.

நான் போகவில்லை.

அவர் வானத்து மலக்கு அல்லர், மனிதர்தான். ஒருநாள் வெட்டிய துணி பிழையாகிப்போன கோபத்தில் கதவை அறைந்து சாத்தினார். நான் குளியலறைக்குள் ஓடிப் பூட்டிக்கொண்டேன். அவர் கதவைத் தட்டவில்லை. வெளியே தரையில் உட்கார்ந்து சொன்னார்: "கோவம் துணி மேல. கதவ அடிச்சது என் தப்பு. ராத்தாவக் கூப்பிடவா?"

என் தப்பு. எட்டு வருடங்களில் அந்தச் சொல்லை ஒருமுறையும் கேட்டதில்லை. ராத்தா, என் அக்கா, வரத் தேவைப்படவில்லை. நானாகவே தாழ்ப்பாளைத் திறந்தேன்.

அடுத்த கிளினிக்கில் இதைச் சொன்னபோது டொக்டர் சிரித்தார். "நல்ல கணவர்தான். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்."

இதை வாசிக்கும் உங்களுக்கும் அதையே சொல்கிறேன். அன்பு கிடைத்த பிறகும் சிகிச்சைக்குப் போங்கள். எனக்கு இரண்டும் தேவைப்பட்டன. இன்னமும் சில நாட்கள் கெட்ட நாட்கள்தான்.

போன மாதம் கலேவெலயில் மாமியைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். எப்போதும் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார், யாருடைய கை எங்கே என்று பார்த்துக்கொண்டே இருப்பவள் நான். அன்று கண்விழித்தபோது மாத்தளை வந்திருந்தது. என் தலை ரியாஸின் தோளில். அவருடைய சட்டை என் எச்சிலில் நனைந்திருந்தது.

"நாலந்தா போயிட்டா?" என்று வழியிலுள்ள ஊரைக் கேட்டேன்.

"எப்பவோ போயிட்டு," என்றார், மரத்துப்போன கையை உதறிக்கொண்டே.

நான் காவல் காக்காமலே ஒரு மணித்தியாலம் கடந்துபோயிருந்தது. எனக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.