பெயர் சொன்னால்தான் வரும்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் நானும் என் கணவரும் வேலை பார்க்கிறோம். அவர் ஜாவா எழுதுவார். நான் வலைப்பக்கங்களுக்கு, சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட் எழுதுவேன். எந்த அட்டைப்பெட்டியில் எந்த சைஸ் எத்தனை ஜோடி போக வேண்டும் என்று கணக்குப் போடுவது அவருடைய ஜாவா நிரல். அது பாட்டுக்கு சர்வரில் உட்கார்ந்திருக்கும். என் ஸ்கிரிப்ட் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் எழுந்து வரும். ஒரு எழுத்து மாறினாலும் அப்படி யாரும் இங்கே இல்லை என்று கைவிரித்துவிடும்.

அதற்கு அவர் வைத்தது தன்னுடைய செல்லப் பெயரை. வீட்டில் என் மாமியார் மட்டும் அவரைக் கூப்பிடும் பெயர்.

"உலகத்துல வேற பேரே கிடைக்கலையா?"

"உனக்கு மறக்காது இல்ல" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணமான புதிதில், அணைக்கட்டு ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில், ஆபீஸ் பழக்கத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். அத்தை சண்டை போடவில்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதைவிட சண்டையே மேல். அன்றிலிருந்து வீட்டில் "ஏங்க"தான். மாமா போன பிறகு அத்தையின் கோபமெல்லாம் குறைந்துவிட்டது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆபீஸில் மட்டும் அந்தச் செல்லப் பெயரைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை நான் லீவு. அத்தையும் நானும் கூடத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். ஆபீஸ் தோழியிடமிருந்து போன். வருகைப் பதிவுப் பக்கங்களைப் பார்ப்பவள் அவள். என் பக்கத்தைத் தொட்டதே அன்றுதான்.

"பேஜாரா போச்சுடி. ஒரு வரி மாத்தப் போயி பக்கத்து வரிய அழிச்சிட்டேன். பெட்டிக்கு ஸ்டிக்கர் வர்ல. கண்டெய்னர் கேட்டாண்ட நிக்குது. அந்த ஜாவா பேரு இன்னா?"

"அவர கேளேன்."

"சென்னைக்குப் போயிருக்காரு இல்ல, போன் ஆஃப்ல இருக்குது. உன் வூட்டுக்காரரு ஆபீஸ் பேரைப் போட்டுப் பார்த்தேன், எடுக்கல."

வீட்டில் கரண்ட் இல்லை, லேப்டாப்பும் செத்துக் கிடந்தது. அத்தைக்குப் புரியாது என்ற தைரியத்தில் இங்கிலீஷ் எழுத்துகளாகச் சொல்லிப் பார்த்தேன். லைன் கரகரத்தது.

"பி-யா, டி-யா? ஒண்ணும் கேக்கலடி. பேரைச் சொல்லித் தொலையேன்!"

பக்கத்திலேயே அத்தை. கண்டெய்னர் போகாவிட்டால் திங்கட்கிழமை என் தலைதான் உருளும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடியும், வீடே அதிரச் சொன்னேன்.

"வந்துடுச்சி!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள்.

அத்தையின் கை நின்றுவிட்டது. இன்றைக்கும் சாப்பாடு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"எதுக்கு எம் புள்ள பேரு?" என்றார்.

சொன்னேன். ஜாவா, ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அவர் செய்து வைத்த ஒன்று அந்தப் பெயருக்குத்தான் வரும் என்று மட்டும் சொன்னேன்.

"வேற எப்டி கூப்ட்டாலும் வராதா?"

"வராது அத்தை."

மடியில் விழுந்த வேர்க்கடலைத் தோலைத் தட்டிவிட்டார்.

"வேலூர் ஆஸ்பத்திரில உங்க மாமா கண்ணத் தொறக்காம கெடந்தாரு இல்ல. நர்சம்மா என்னை உள்ள கூட்டிட்டுப் போயி, பேர் சொல்லிக் கூப்புடுங்க, காதுல வுழுந்தா தொறப்பாருன்னு சொல்லிச்சி. எனக்கு வாயே வர்ல. ஏங்க, ஏங்கன்னுதான் கூப்ட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். கடலையை எடுத்து மறுபடி உரிக்க ஆரம்பித்தார். பேர் சொன்னாலும் திறந்திருக்க மாட்டார் என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக ஒரு கை கடலையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவர் வந்தார். வாசல் குழாயில் கால் கழுவிவிட்டு, வழக்கம்போல யாரிடமோ போனில் பேசிக்கொண்டு அங்கேயே நின்றார். காபி ஆறிக்கொண்டிருந்தது.

"கூப்புடு" என்றார் அத்தை.

"ஏங்க" என்றேன். அவர் திரும்பவில்லை.

அத்தை என்னைப் பார்த்தார்.

"பேர் சொல்லிக் கூப்புடு."