ஜெயபாக்கியத்தின் மூன்று கண்டத்து மீன்கள்

போடியில் கணவர் சின்னத்துரையோடு சேர்ந்து படங்களுக்குச் சட்டம் போடும் கண்ணாடிக் கடை நடத்திவந்தாள் ஜெயபாக்கியம். சாமி படம், கல்யாணப் படம், போய்ச்சேர்ந்தவர்கள் படம் என்று எதுவுமே அசையாத கடை அது. எழுபத்தெட்டாம் வருஷ வாக்கில், ஏலக்காய் வியாபாரி ராஜாராம் தன் வீட்டு மீன் தொட்டியைக் கண்ணாடி மாற்றக் கொண்டுவந்தார். வேலை முடியும்வரை மீன்கள் கடையிலேயே ஒரு வாளியில் கிடந்தன. வெள்ளி உடம்பில் கறுப்புக் கோடு, மேலும் கீழும் நீண்ட செட்டை. ஏஞ்சல் என்றார் ராஜாராம். மாதா கோயிலில் சொல்லும் சம்மனசுதான், சிறகு வைத்த தேவதூதர்தான், அவள் நினைவுக்கு வந்தது. கையில் சுத்தியலோடு வாளியைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

"இது எந்த ஊரு மீனுண்ணே?"

"தென் அமெரிக்கா, தங்கச்சி. நம்ம கண்மாயில கெடக்குற ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவுல இருந்து வந்தது. மலைக்கு அங்கிட்டு, மலையாளத்துக் காயல்ல பள்ளத்தின்னு மஞ்சளா ஒரு பொடி மீனு இருக்கு. அது நம்ம நாட்டுது. மூணும் ஒரே குடும்பந்தான். சிச்லிட்னு இங்கிலீசு புஸ்தகத்துல போட்டிருக்கான்."

"ஒரே குடும்பம்னா மூணையும் ஒரே தொட்டியில விடலாமுல்ல?"

ராஜாராம் சிரித்துவிட்டார். "நல்லா விட்ட போ! பூராம் சண்டைக்காரப் பயலுக. ஒன்னை ஒன்னு கடிச்சே தீத்துரும்."

போகும்போது ஏஞ்சல் குஞ்சுகள் நாலைந்தை அவளுக்கே கொடுத்துவிட்டுப் போனார். அவர் சொன்ன சண்டை அவள் மண்டையில் ஏறவில்லை. ஒரே குடும்பம் என்றது மட்டும் ஏறியது.

கொச்சிக்கு லோடு அடிக்கும் லாரி டிரைவர் சுருளிவேலிடம் சொல்லிவைத்தாள். அவன் பள்ளத்திகளைப் பிளாஸ்டிக் கேனில் தண்ணீரோடு கொண்டுவந்தான். "போடிமெட்டு வளைவு பூராம் கேன் குலுங்கிட்டே வந்துச்சுக்கா. எல்லாம் செத்திருக்கும்னு நெனைச்சேன். தொறந்து பாத்தா துள்ளுது!" என்றான். குலுங்கிய குலுக்கலில்தான் தண்ணீருக்குள் காற்று போயிருக்கிறது. ஜிலேபிக் கெண்டைக்கு அலையவே வேண்டாம். கண்மாய்க்காரனிடம் கேட்டால் கூடையோடு கொடுப்பான்.

மூன்றையும் ஒரே தொட்டியில் விட்டாள். ஒரு வாரம் தாங்கவில்லை. காலையில் கடை திறந்தபோது இரண்டு ஏஞ்சல்கள் செட்டை கிழிந்து மிதந்தன. ஒரு பள்ளத்தி மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. தொட்டியின் நடுவே தடித்த ஜிலேபி ஒன்று ராஜா மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆளுக்கொரு சீமையில இருந்து கொண்டாந்து ஒரே வீட்ல அடைச்சா இப்படித்தான் ஆகும். விட்டுத் தொலை பாக்கியம்," என்றார் சின்னத்துரை.

அவள் அழுதாள். சாயங்காலம் வரை செத்த மீன்களை எடுத்துப்போடவும் மனசு வரவில்லை. ஆனால் விடவும் இல்லை. மிச்ச மீன்களைத் தனித்தனி வாளிகளில் பிரித்துவைத்தாள். தடித்த ஜிலேபியை மட்டும் தொட்டியில் விட்டு நாள் கணக்கில் பார்த்தாள். அது சும்மா யாரையும் விரட்டுவதில்லை. ஒரு கல்லோரம் மண்ணைப் பறித்துப் பள்ளம் செய்திருந்தது. இன்னொரு மீனை உள்ளே விட்டால், அந்த மீன் பள்ளத்துப் பக்கம் போனபோதுதான் பாய்ந்தது.

"ஏங்க, இதுக்குச் சண்டை தீனிக்கு இல்ல, எடத்துக்குத்தான்," என்று கூவினாள். "முன்னாடியே குடியிருந்தவன் வந்தவனை வெரட்டுறான். எல்லாரும் பொடுசா இருக்கையில, ஒரே நாள்ல, புது வீட்ல குடியேறினா?"

சின்னத்துரை தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் ஒரு ஜவுளிக்கடை முகப்பிலிருந்து கழற்றிய தடித்த கண்ணாடியை வாங்கிவந்து, இரும்புச் சட்டத்தில் கண்ணாடி ஒட்டும் மக்கு வைத்து, பெரிய தொட்டியாகச் செய்துகொடுத்தவர் அவர்தான். அது இரண்டு முறை ஒழுகிக் கடையெல்லாம் வெள்ளமானது. சாமி படங்களைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, மறுபடி மக்கு வைத்தார்.

குரங்கணி ஆற்றுக் கற்களை அடுக்கி, உடைந்த சட்டிகளைக் கவிழ்த்து, ஒரு மூலை மறு மூலைக்குத் தெரியாதபடி மறைப்பு வைத்தாள் ஜெயபாக்கியம். ஏஞ்சலுக்கு ஓரமாக ஒரு பலகைக்கல்லை நிற்கவைத்தாள். விரல் நகம் அளவுக் குஞ்சுகளாகப் பார்த்து மூன்று வகையையும் ஒரே காலையில் விட்டாள். கொசுப் புழுவை ஒரே இடத்தில் கொட்டாமல் நாலு பக்கமும் போட்டாள். ஜிலேபி எது மற்றவற்றைவிடப் பெரிதாகத் தொடங்கினாலும் உடனே கண்மாய்க்குத் திரும்பியது.

உரசல் இருந்தது. துரத்தல் இருந்தது. சாவு இல்லை.

எண்பத்தொன்றாம் வருஷம் மழை முடிந்த ஒரு காலை. பெண் ஜிலேபி ஒன்று இரை எடுக்காமல் கன்னம் உப்பி நின்றது. நோய் என்றே பயந்தாள். குனிந்து பார்த்தால் வாய்க்குள் முட்டை, அடைகாக்கிறது! அதே நேரம் பலகைக்கல்லில் ஏஞ்சல் ஜோடி ஒன்று முட்டைகளுக்குச் செட்டையால் விசிறிக்கொண்டிருந்தது. கவிழ்த்த சட்டிக்கு வெளியே புகை மாதிரி ஏதோ அசைந்தது. பள்ளத்திக் குஞ்சுகள். தாய் தகப்பன் உடம்பில் ஊறும் வழுவழுப்பில் வாய் வைத்து மேய்ந்துகொண்டிருந்தன.

"ஏங்க! வெரசா வாங்க! மூணும் குடும்பம் நடத்துது!"

சின்னத்துரை பாதி அறுத்த கண்ணாடியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். பார்த்தார். பிறகு அவரே தெருவில் இறங்கி, போகிற வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தார். அன்றைக்கு ஏலக்காய் ஏல நாள். ராஜாராம் ஏலத்திலிருந்த வியாபாரிகளைத் திரட்டிக்கொண்டு வந்து, தானே தொட்டி செய்தவர் மாதிரி மூன்று கண்டங்களையும் விரல் நீட்டிக் காட்டினார். கோட்டயத்து வியாபாரி ஒருவர் கண்ணாடியில் மூக்கை வைத்து, "அய்யோ, இது நம்மட பள்ளத்தியல்லே!" என்று சொந்தக்காரரைக் கண்டவர்போலக் கத்தினார்.

குஞ்சுகளில் பாதியை மற்ற மீன்கள் தின்றுவிட்டன. மிச்சம் வளர்ந்தன. அடுத்த வருஷம் மதுரை மீன் கடைக்காரர் ஒருவர் கேள்விப்பட்டு பஸ்சேறி வந்தார்.

"நாங்க ஏஞ்சலையும் ஜிலேபியையும் பக்கத்துல வைக்கவே பயப்படுறோம். நீங்க எப்படிம்மா?"

"உக்காருங்கண்ணே, காட்டுறேன்," என்று ஸ்டூலைத் தொட்டிப் பக்கமாக இழுத்துப் போட்டாள் ஜெயபாக்கியம்.