லேசான நோவு

கிளெனிஸ் அவுத்வெய்ட் இங்கிலாந்தின் கடலோர ஊரான விட்பியில் துறைமுகத்துக்கு மேலே இருக்கும் ஆரம்பப் பள்ளியின் வாசலில் வேலை பார்த்தாள். வெயிலோ மழையோ, மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு, வட்டப் பலகை வைத்த நீளக் கோலைச் சாலை நடுவில் ஊன்றி நிற்பாள். வண்டிகள் நிற்கும், பிள்ளைகள் கடப்பார்கள்.

அவள் வளர்ந்த வீட்டில் வலியைப் பெரிதாகப் பேசுவது கிடையாது. படகின் இழுவைக் கயிற்றில் மூன்று விரல் சிக்கிச் சிதைந்த அன்று அவள் அப்பா, “லேசா நசுங்கிடுச்சு” என்று சொல்லிவிட்டு டீ கேட்டார். குத்துகிறது, எரிகிறது, துடிக்கிறது என்றெல்லாம் ஆங்கிலத்தில் சொற்கள் உண்டுதான். ஆனால் அவை நாடகம் போடுகிறவர்களுக்கு உரியவை என்றே அந்த வீட்டில் எண்ணம்.

அந்த ஜனவரியில் ஒரு காலை, பல் தேய்க்கும்போது அவளுடைய இடது கன்னத்தில் ஏதோ பாய்ந்தது. சில நொடிதான். போன பிறகும் முகம் கழுவும் தொட்டியைப் பிடித்த கையை எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பல் மருத்துவரிடம் போய், பல் நோகிறது என்றாள். அவர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி திரும்ப வந்தது. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார். அதற்குப் பிறகும் வந்தது.

கிளெனிஸ் முகம் கழுவப் பயந்தாள். ரொட்டியை டீயில் ஊறவைத்து வலது பக்கமாக மென்றாள். கணவன் டெஸ்மண்ட் முத்தம் கொடுக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன்மேல் ஏதோ கோபம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

குடும்ப டாக்டர் பிரீஸ்ட்மன் இளம் பெண், பொறுமையானவள். எப்படிப்பட்ட வலி, மந்தமாக இருக்கிறதா, துடிக்கிறதா, குத்துகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். குத்துகிறது என்று சொல்ல கிளெனிஸுக்கு வாய் வரவில்லை. பத்திரிகையில் வரும் கொலைச் செய்தி மாதிரி இருந்தது அந்தச் சொல்.

“நோவுதான் டாக்டர். லேசான நோவு.”

சாதாரண வலி மாத்திரை எழுதிக் கொடுத்தாள் டாக்டர்.

மார்ச்சில் கடற்காற்று தொடங்கியது. அது கன்னத்தில் பட்டாலே வலி பாய்ந்தது. வீட்டைவிட்டுக் கிளம்புமுன் மரக்கிளைகள் ஆடுகின்றனவா என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாயிற்று. ஒரு மாலை, பள்ளி விடும் நேரம். ஒரு வேனை நிறுத்தி, பிள்ளைகளைப் போகச் சொன்னாள். அவர்கள் பாதிச் சாலையில் இருக்கையில் காற்று கன்னத்தில் அடித்தது. கோல் கைநழுவி விழுந்தது. பலகை இறங்கியதால் வழி விட்டாயிற்று என்று நினைத்து வேன்காரன் வண்டியை நகர்த்தினான். ஒரு தாய் கத்தியதில் சட்டென்று பிரேக் போட்டான். ஒரு சிறுமியின் புத்தகப்பை வண்டியில் உரசியது. அவ்வளவோடு போயிற்று.

யாரும் திட்டவில்லை. வேன்காரன்கூட இறங்கி வந்து கோலை எடுத்துக் கொடுத்தான். கிளெனிஸ்தான் மஞ்சள் கோட்டைக் கழற்றிவிட்டாள். நாளைக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, டெஸ்மண்டை வரவழைத்து அவனோடு நேரே டாக்டரிடம் போனாள்.

பழைய பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

“போன தடவ நான் சரியாச் சொல்லல டாக்டர். இது நோவு இல்ல. கரண்டு கம்பியக் கன்னத்துல செருகுற மாதிரி. சுரீர்னு காதுலேர்ந்து தாடைக்குப் பாயும். அப்புறம் ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும்.”

டாக்டர் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். “காத்து பட்டா வருதா?”

“வரும். பவுடர் பஞ்சு பட்டாலே வரும்.”

இது பல் இல்லை, முகத்து நரம்பு என்றாள் டாக்டர். ஸ்கேன் எடுக்கச் சொல்லி, வேறு மாத்திரையும் எழுதினாள். அப்படியானால் இரண்டு பல்லும் வீணாகப் போனதா என்று டெஸ்மண்ட் கேட்டான். ஆமாம் என்று டாக்டர் தலையாட்டினாள்.

காருக்குள் அவன் சாவியைத் திருகாமலே உட்கார்ந்திருந்தான்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, கண்ணு.”

“சும்மா அலட்டுறேன்னு நெனைப்பியோன்னு இருந்துச்சு.”

“அலட்டியிருந்தா என்ன?”

ஸ்கேன் முடிவு வரும்வரை இருவருக்கும் ஒரே பயம். கட்டியாக இருக்குமோ என்பதை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கட்டி இல்லை. ரத்தக் குழாய் ஒன்று நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சை செய்யலாம், அவசரம் இல்லை என்றார்கள். புதிய மாத்திரை தலையைக் கிறுகிறுக்க வைத்தது. ஆனால் வலி அடங்கியது.

செப்டம்பரில் மறுபடி மஞ்சள் கோட்டைப் போட்டாள். முதல் வாரம் மட்டும் பக்கத்தில் ஓர் ஆசிரியை நிற்கட்டும் என்று அவளே கேட்டுக்கொண்டாள். ஒரு நாள் கடலிலிருந்து காற்று ஏறி வந்தபோது, கம்பளித் துண்டைக் காதுவரை இழுத்துவிட்டு, கோலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள். கன்னம் சும்மா இருந்தது. கடைசிப் பிள்ளை நடைபாதையில் ஏறிய பிறகுதான் மூச்சு விட்டாள்.