வெடித்த செவ்வந்தி

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்த்த நானும் அவளும், வார லீவு நாளில் ஸ்ரீபெரும்புதூருக்கு ஆயில் பெயின்டிங் கற்கப் போனோம். ஒரு சொம்பில் செவ்வந்தியைச் செருகி வைத்து, அதைப் பார்த்து வரையச் சொன்னார் மேடம். மூன்றாம் வாரம் அவளுடைய படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றவர், என் பக்கம் திரும்பி, "அவ வரைஞ்சது பூ. உன்னுது பிளாஸ்டிக்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அடுத்த வாரம் அவளுக்குக் கம்பெனியில் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள், வகுப்புக்கு வரவில்லை. அன்றைக்குத்தான் மேடம் முக்கியமான விஷயத்தைச் சொன்னார். அடிப்பூச்சை டர்பன்டைனில் கரைத்து, அதில் எண்ணெய் குறைவாகவும் மேல்பூச்சில் அதிகமாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் காய்ந்த பிறகு வெடித்துவிடும்.

"மேடம் இன்னாக்கா சொன்னாங்க?" என்று மறுநாள் கேன்டீனில் கேட்டாள்.

"அடியில எண்ணெய் நெறைய ஊத்து. மேல டர்பன்டைன் மட்டும் போதும்" என்றேன். அவள் போனில் குறித்துக்கொண்டாள்.

அப்படியே வீட்டில் ஒரு படம் வரைந்து, பிள்ளைப்பாக்கத்தில் தன் வீட்டு ஹாலில் மாட்டினாள். சில மாதங்கள் கழித்து என்னை அழைத்துப் போய்க் காட்டினாள். பூவெல்லாம் கோடு கோடாக வெடித்திருந்தது.

"எனக்கு இது வரலக்கா. நீயாவது வுடாம வரை" என்று தன் பிரஷ்களை ஒரு கவரில் போட்டு நீட்டினாள்.

உண்மை வாய்வரை வந்தது. "ஆமா, எல்லாருக்கும் வராது" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு அவள் வரையவே இல்லை.